நீலக்கட்டச் சேட்டுக் கை

பரமேஸ்வரனுக்குக் கடவுள் வாயைக் கொடுத்தது சோறு தின்னவும் பீடி பிடிக்கவும்தான் என்று அந்த வாய்க்கால்கரைச் சனம் சொல்லும். மிச்சக் கதை முழுக்கக் கைதான். தேத்தண்ணி வேண்டுமென்றால் பெருவிரலை வாய்ப்பக்கம் சரிப்பார். மகளைக் கூப்பிடத் தொடையில் ஒரு தட்டு. ஆராவது நின்று புளுகிக்கொண்டிருந்தால் ஒன்றும் சொல்லாமல் தன் காதுச் சோணையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்பார். புளுகுகிற ஆள் தானாகவே கதையைச் சுருக்கிக்கொண்டு போய்விடும்.

தூஷணம் அவர் வாயில் வந்ததை அவருடைய மனிசி நேசமலர் ஒருநாளும் கேட்டதில்லை. அதையும் கையாலேயே முடித்துவிடுவார். ஒருமுறை யானைவேலி பார்க்க வந்த உத்தியோகத்தர் ஒருவர் ஜீப்பை விட்டு இறங்காமலே, "வாற மாசம் கட்டாயம் வேலி வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பரமேஸ்வரன் பெருவிரலை இடுப்புச் சாரத்தில் நன்றாகத் துடைத்தார். பிறகு அதை உயர்த்தி, அவசரமில்லாமல் ஆறுதலாக இடமும் வலமும் ஆட்டிக் காட்டினார். ஜீப்புக் கண்ணாடியில் உத்தியோகத்தர் அதைக் கண்டுவிட்டார். அந்த வேலி இன்னும் வரவில்லை. சனம் அந்தப் பழியை அந்தப் பெருவிரலில்தான் போட்டு வைத்திருக்கிறது.

ஆகவே, பொதுநோக்கு மண்டபத்தில் நடந்த கமக்காரர் கூட்டத்து வீடியோவில் ஒரு பெருவிரல் ஆடியபோது, அது ஆருடையது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

முதலில் கண்டது மகள் மேனுகாதான். தையல் வேலைக்குப் போய் வந்து, உடுப்பு மாற்றாமலே குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, இஞ்சை ஒருக்கா வாங்கோ. அப்பான்ர கை உலகமெல்லாம் சுத்துது."

நேசமலர் குளத்து யப்பான் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். செதில் ஒட்டிய கையைத் தூக்கிப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள். போனில் சிற்றம்பலத்தார் நின்று பேசிக்கொண்டிருந்தார். கமக்காரர் அமைப்புக்கு அவர்தான் தலைவர். பேச்சு வழக்கமான பேச்சு, கட்டுப்பாடு பற்றி. அதை ஆர் கேட்பது? கண் முழுக்கப் பின்கதவுக்குத்தான் போனது. கதவு நிலைக்குப் பின்னாலிருந்து நீலக்கட்டம் போட்ட சேட்டுக் கை ஒன்று மெல்ல எழும்பியது. ஒரு உதறு உதறியது. பெருவிரலை நிமிர்த்தி, கெதியாக ஆட்டிவிட்டு இறங்கிப் போனது. முகம் தெரியவில்லை. மண்டபத்தின் பின்வரிசை குலுங்கிச் சிரித்தது. சிற்றம்பலத்தார் தன் பேச்சுக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, தானும் சிரித்தார். அதுதான் வினையாகப் போனது.

"ஐயோ கடவுளே," என்றாள் நேசமலர்.

"லைக் எண்டு சொல்லிப் பாப்பமே அம்மா? இப்ப பெருவிரலைத் தூக்கினா நல்லம் எண்டுதானே அர்த்தம்."

"தூக்கினதோடை விட்டிருந்தால் சொல்லலாம். உது ஆட்டுதெல்லோ."

பரமேஸ்வரன் வந்து கிணற்றடியில் கால் கழுவும்வரை அவள் பொறுத்திருந்தாள். அவர் போட்டிருந்ததும் அதே நீலக்கட்டச் சேட்டுத்தான். தீபாவளிக்கு முதல் தர்மபுரக் கடையொன்றில் ஒரே துணியில் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. ஊரில் பாதிச் சனத்திடம் அது இருக்கிறது.

"இஞ்சாருங்கோ, மண்டபத்திலை என்ன வேலை பார்த்திட்டு வந்தனீங்கள்?"

"என்ன?"

"சிற்றம்பலம் அண்ணைக்குப் பெருவிரலை ஆட்டிக் காட்டினதாம். வீடியோவிலை கிடக்கு."

"நானில்லை."

"நீங்களில்லாட்டி உங்கட கை தனியப் போய் வந்ததோ?"

"நானில்லை எண்டுறன். நான் பின்னாலை தேத்தண்ணி வாளிக்குப் பக்கத்திலை நிண்டனான்."

"அங்கையிருந்துதான் கை வருது! அப்ப ஆர் அது?"

பரமேஸ்வரன் இரண்டு கையையும் கக்கத்துக்குள் செருகிக்கொண்டார்.

"கேக்கிறனெல்லே. ஆர்?"

கை வெளியே வரவில்லை. மேனுகா போனை நீட்டினாள். அவர் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்ப் பசுவுக்கு வைக்கோல் இழுத்துப் போட்டார். இத்தனை வருசம் குடும்பம் நடத்திய மனிசனின் சொல்லை நம்புவதா, கண்ணால் கண்ட கையை நம்புவதா? நேசமலர் கையைத்தான் நம்பினாள்.

மறுநாள் விடிய வரம்பில் சிற்றம்பலத்தார் நின்றார். சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டி, ஒரு கையை இடுப்பில் ஊன்றியிருந்தார். அவர் கோபமாக இருக்கிறார் என்று தெரிய அவர் பேசத் தேவையில்லை. சாரத்தின் உயரம் போதும்.

பரமேஸ்வரனின் வயல் சிற்றம்பலத்தாரின் வயலுக்குப் பின்னால் கிடக்கிறது. ஒருபக்கம் வாய்க்கால், மற்றப் பக்கம் காடு. தார் ரோட்டிலிருந்து வெட்டு மெசின் வர வேறு வழியில்லை. முன்வயலை வெட்டினால்தான் அந்த அரிதாள் ஒட்டுக்கு மேலால் பின்வயலுக்கு மெசின் போகும். ஒவ்வொரு காலபோக அறுவடைக்கும் அப்படித்தான். முன்வயல் காலையில், பின்வயல் மத்தியானத்துக்குப் பிறகு. இது ஆரும் ஆரிடமும் கேட்டுச் செய்கிற காரியம் இல்லை.

"உம்மட மனுசன் எங்கை?" என்றார் சிற்றம்பலத்தார்.

"வேலிக்கு முள்ளுக் கட்டப் போயிட்டார் அண்ணை."

"கட்டட்டும், கட்டட்டும். கை நல்லா வேலை செய்யுதுதானே."

"அண்ணை, அவர் தானில்லை எண்டுதான் சொல்லுறார்."

"அப்ப என்ர கையோ? இஞ்சை பாரும் நேசமலர். கனடாவிலையிருந்து மச்சான் போன் எடுக்கிறான், 'என்ன அத்தான், உங்கை உங்களுக்கு நல்ல மரியாதையாம்' எண்டு. பிரான்ஸிலை இருக்கிற பெறாமகன் அந்தப் பெருவிரலை மட்டும் வெட்டி எடுத்து, அதுக்குப் பாட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறான். பாட்டு! நான் இந்த அமைப்புக்கு எவ்வளவு பாடுபட்டனான்?"

"தெரியும் அண்ணை."

"தெரிஞ்சால் சரி. மண்டபத்திலை, எல்லாருக்கும் முன்னாலை, கையைக் கட்டிக்கொண்டு நிண்டு மன்னிப்புக் கேக்கட்டும். அதுக்குப் பிறகுதான் என்ர வயலுக்கை மெசின் இறங்கும்."

"உங்கடையும் முத்திப்போய்த்தானே நிக்குது. கடலிலை தாழமுக்கமாம். மழை வந்தா ரெண்டும் போகும்."

"போனாப் போகட்டும்," என்றார் அவர். சொல்லிவிட்டுத் தன் வயலை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பார்த்த பார்வையில் கொஞ்சம் பயம் இருந்தது. ஆனால் சொல்லியாகிவிட்டது.

பழுத்த நெல் பொறுத்துக் காத்திருக்கிற சாமான் இல்லை. கதிர் தலையைத் தொங்கப்போட்டு வரம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. காற்றுக்கு வயல் முழுக்கச் சரசரவென்று ஒரு சத்தம் வரும். வேறு வருசம் என்றால் நேசமலருக்கு அது காதுக்கு இனிமையான சத்தம். இப்போது அதைக் கேட்டவுடன் அவள் வானத்தைத்தான் பார்த்தாள். ஒரு மழை அடித்தால் இந்தப் பாரத்துக்கு அப்படியே சரிந்து படுத்துவிடும். படுத்த நெல்லை மெசின் அள்ளாது. தண்ணிக்குள் கிடந்து முளைக்கும். வருசம் முழுக்க உலையில் போட வேறு அரிசி இல்லை. அடுத்த சிறுபோகத்துக்கு விதைநெல்லும் அதற்குள்தான் நின்றது.

வீட்டில் இன்னொரு கஷ்டம் வந்தது. பரமேஸ்வரனின் கை நின்றுபோனது.

தேத்தண்ணி கேட்கவில்லை. மேனுகாவைக் கூப்பிடத் தொடையைத் தட்டவில்லை. சாப்பிடும்போது மட்டும் ஒரு கை வெளியே வரும், கழுவியவுடன் கக்கத்துக்குள் போய்விடும். வீட்டில் முன்பு பெரிய சத்தம் எதுவும் இருந்ததில்லை. என்றாலும் இப்போது வந்திருந்த அமைதி வேறு அமைதி. ரேடியோ பற்றரி செத்த மாதிரி.

வயலில் குருவி கலைக்கச் சுப்பம்மா வந்திருந்தாள். அவளும் புருசன் மாயாண்டியும் மலைநாட்டிலிருந்து வந்து இங்கே வேரூன்றிய சனம். பழைய மாப் பேணியைத் தடியால் தட்டிக்கொண்டு வரம்பு வரம்பாக நடந்தாள். வெயிலுக்குத் தலையில் துவாய், சட்டைக்கு மேலால் மாயாண்டியின் நீலக்கட்டச் சேட்டு.

"ஏங்கக்கா, அண்ணன் கைய வெட்டியா போட்டீங்க? வரம்புல போறாரு, வாறாரு, ஒரு ஆட்டம் அசைவில்ல."

"ரோசம் வந்திட்டுதாம் அவருக்கு."

"ரோசம் வந்தா கை கூட ஆடணுமேக்கா. எங்காளுக்கு ரோசம் வந்தா சட்டி பானையெல்லாம் பறக்கும். பறக்குறதுக்கும் எங்க, ரெண்டு சட்டிதான் மிச்சம்."

"உனக்குச் சிரிப்பாக் கிடக்கு."

"சிரிக்காம என்னக்கா செய்ய? பெருவெரல காட்டுனதுக்கா வெளஞ்ச நெல்ல போட்டு வச்சிருப்பாங்க? எங்க ஊருல இதுக்கெல்லாம் பதிலுக்கு ஒரு கையக் காட்டிட்டுப் போயிருவாங்க, அதோட சரி." அவள் பேணியை ஓங்கித் தட்டினாள். குருவிக் கூட்டம் எழும்பிச் சிற்றம்பலத்தாரின் வயலில் போய் இறங்கியது. "தலைவரு வயல்ல போயி தின்னுங்க, போங்க!"

பின்னேரம் மெசின்காரன் ராஜரத்தினம் போன் எடுத்தான். கனகராயன்குளத்து ஆள். ஒவ்வொரு வருசமும் அவன்தான் வருகிறவன்.

"அக்கா, என்ன மாதிரி? இறக்கிறதோ இல்லையோ?"

"கொஞ்சம் பொறும் தம்பி. நாளைக்கு எப்பிடியும் முடிவு சொல்லுறன்."

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ளை இறக்காட்டி நான் புதுக்குடியிருப்புக்கு ஏத்திப்போடுவன் அக்கா. அங்கை சனம் மெசினுக்கு வரம்பிலை பாய் போட்டுப் படுத்துக் கிடக்குது. பிறகு என்னை ஏசக்கூடாது."

அன்று பொழுதுபடக் காற்று கிழக்குப் பக்கம் திரும்பியது. காட்டுக்கு மேலே மேகம் கட்டி நின்றது. இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டும் மீன் குழம்பும். பரமேஸ்வரன் பாதியில் நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"நாளைக்குப் பின்னேரம் மண்டபத்துக்கு வாறன் எண்டு சிற்றம்பலத்தாருக்குச் சொல்லியனுப்பு. மன்னிப்புக் கேக்கிறன்."

"அப்ப நீங்கள்தான் செய்தனீங்களோ?"

"கேக்கிறன் எண்டுறனெல்லே. நெல்லு போகக் கூடாது."

மேனுகா போனில் சிற்றம்பலத்தாருக்குச் சொல்லிவிட்டாள். நேசமலருக்கு நெஞ்சு கொஞ்சம் இறங்கியது. ஆனால் பின்னேரம் மன்னிப்பு என்றால் மெசின் மத்தியானமே போய்விடும். அது ஒரு கவலை. இன்னொன்றும் உறுத்திக்கொண்டு கிடந்தது. இவ்வளவு பெரிய சொல்லைச் சொன்னபோதும் அவர் கை பேசாமல் இருந்தது. ஒரு விரல்கூட அசையவில்லை. வாய் மட்டும் தனியாகச் சொன்னது.

காலையில் அவள் சம்பலுக்கு உப்புப் பேணி எடுக்கத் தட்டுக்குக் கையை உயர்த்தினாள். மேனுகா பக்கத்தில் நின்று பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தாள்.

"ஏனம்மா கையை உதறுறீங்கள்? காப்புப் போடேல்லையே."

நேசமலர் தன் கையைப் பார்த்தாள். வெறும் கை. வயல் வேலைக்காகக் காப்பைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்து நாளாகிவிட்டது. என்றாலும் கையை மேலே தூக்கும்போது ஒரு உதறு வருகிறது, காப்பு மணிக்கட்டை விட்டு மேலே ஏறுவதற்கு. இளவயதிலிருந்து காப்புப் போட்ட கை. காப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உதறாமல் எழும்பாது.

உப்புப் பேணி தட்டிலேயே இருந்தது.

"பிள்ளை, அந்த வீடியோவை ஒருக்கால் போடு."

"திரும்பவுமோ?"

"போடன்."

கதவு நிலைக்குப் பின்னாலிருந்து கை எழும்பியது. ஒரு உதறு. பிறகு பெருவிரல். நேசமலர் இன்னொருதரம் போடச் சொன்னாள். பரமேஸ்வரன் இந்தக் காரியத்தைச் செய்கிற விதம் அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். முதலில் சாரத்தில் துடைப்பார். ஆறுதலாக ஆட்டுவார். அவசரமே இருக்காது. ஆளுக்கு நன்றாக விளங்கவேண்டும் என்று நின்று ஆட்டுவார். இந்தக் கை துடைக்கவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது, கெதியாக முடித்துவிட்டு ஓடவேண்டும் என்கிற மாதிரி ஆட்டிவிட்டு இறங்கியது.

"சத்தத்தைக் கூட்டு."

போனுக்குள் சிற்றம்பலத்தார் முழங்கினார்: "கமக்காரன் எண்டால் ஒரு கட்டுப்பாடு வேணும்! என்ர வீட்டைப் பாருங்கோ. நான் ஒண்டு சொன்னால் சொன்னதுதான். மறுபேச்சு இல்லை!"

மறுபேச்சு இல்லை என்ற இடத்தில்தான் கை எழும்பியது.

நேசமலர் அடுப்பை அணைத்துவிட்டு, துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தாள்.

சிற்றம்பலத்தாரின் மனிசி நாகேஸ்வரி வளவில் போன போகத்து நெல் அவித்துக்கொண்டிருந்தாள். பாதி பீப்பாயில் நெல் வெந்து, உமி வாசனையோடு ஆவி எழும்பியது. அவிந்ததைக் கடகத்தில் அள்ளிப் படங்கில் கொட்டிக் காலால் பரப்பினாள். வானத்தைப் பார்த்தாள். திரும்ப அள்ளினாள். சூடு படாமல் இருக்கச் சேட்டுக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டிருந்தாள். நீலக்கட்டச் சேட்டு.

"என்ன நேசம், விடியக் காலமை?"

"சும்மாதான் அக்கா. அண்ணை நிக்கிறாரோ?"

"அவர் மண்டபத்துக்குக் கதிரை அடுக்கப் போயிட்டார். பின்னேரம் பெரிய கூட்டமெல்லே."

"ஓம். எங்கட மனுசன் மன்னிப்புக் கேக்கப் போறார்."

நாகேஸ்வரியின் கை கடகத்தோடு நின்றது. "பரமேஸ்வரன் கேக்கிறனெண்டு சொன்னவரோ? தன்ர வாயாலையோ?"

"வாயாலைதான் சொன்னவர்."

நாகேஸ்வரி பீப்பாய்க்குள் எட்டிக் கிளறினாள். கையை உயர்த்தும்போது ஒரு உதறு. சேட்டுக் கைக்குள்ளே காப்பு கிணுங்கி மேலே ஏறியது. நேசமலர் அதைப் பார்த்தாள். நாகேஸ்வரி, அவள் பார்த்ததைப் பார்த்தாள்.

"நல்ல சேட்டு அக்கா."

"இவரின்ர பழசு. வயலுக்குப் போடுறது. இந்தத் துணிதானே ஊரிலை எல்லாரும்…" என்று தொடங்கி நிறுத்திவிட்டாள்.

"நான் ஒண்டும் கேக்க வரேல்லை. வீடியோவை இண்டைக்குத்தான் சத்தத்தோடை பார்த்தன். அண்ணை என்ன சொல்லேக்கை அந்தக் கை வந்ததெண்டு இந்த ஊரிலை ஒருத்தரும் கவனிக்கேல்லை."

நாகேஸ்வரி கடகத்தைக் கீழே வைத்தாள். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நேசமலர் பயந்துபோனாள். பார்த்தால் சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு, ஆவிக்குள் நின்று, கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுப் படங்கின் ஓரத்தில் குந்தினாள்.

"கலியாணம் கட்டின நாளிலையிருந்து இந்தக் கதையைக் கேக்கிறன் நேசம். 'நான் ஒண்டு சொன்னால் மறுபேச்சில்லை.' சாப்பிடேக்கை சொல்லுவார். ஆக்கள் வந்தாச் சொல்லுவார். நான் குசினிக்குள்ளை நிண்டு சுவருக்கு ஒருக்கா ஆட்டிக் காட்டிப்போட்டு என்ர வேலையைப் பாப்பன். கொட்டாவி வாற மாதிரி அது. நினைச்சுச் செய்யிறேல்லை. அண்டைக்கு வயலாலை வந்த கையோடை தேத்தண்ணி வாளியைக் கொண்டுபோய் வைச்சுப்போட்டு நிமிர, மனுசன் அதே கதை. கை எழும்பீட்டுது. அது குசினி இல்லையெண்டு கை இறங்கினாப் பிறகுதான் தெரிஞ்சது."

"ஏன் அக்கா சொல்லேல்லை? அவரைப் போட்டு நான் என்ன பாடு படுத்தினன்."

"என்னெண்டு சொல்லுறது? ஊர் சிரிக்கும். இவர் தலைவர் வேலையை விட்டுப்போட்டு வீட்டிலை வந்து குந்துவார். காலமை தொடங்கிப் பொழுதுபடும் வரைக்கும் இந்த மனுசன் வீட்டிலை இருந்தால் நான் என்ன செய்யிறது, சொல்லு பாப்பம்?"

இப்போது நேசமலருக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"பரமேஸ்வரனைக் கண்டு சொல்லிப்போடுவம் எண்டு வரம்புக்கு வந்தும் பார்த்தனான்," என்றாள் நாகேஸ்வரி. "அந்தாள் என்னைக் கண்டால் மற்ற வரம்பாலை போகுது. கோவம் போலை."

"கோவமாத்தான் இருக்கும்," என்றாள் நேசமலர். பிறகு வானத்தைக் காட்டினாள். கிழக்குப் பக்கம் கறுத்து வந்தது. "அக்கா, மெசின் மத்தியானத்தோடை புதுக்குடியிருப்புக்குப் போகுது. பின்னேரம் அவர் மன்னிப்புக் கேட்டும் ஒரு பலனும் இல்லை. உங்கடையும் நிக்குது, எங்கடையும் நிக்குது."

நாகேஸ்வரி எழும்பி, பின்பக்கத்து உமியைத் தட்டினாள். அடுப்புக் கொள்ளியை இழுத்து வெளியே போட்டுத் தண்ணி தெளித்தாள்.

"அது என்ர அப்பான்ர காணி. காடு வெட்டித் திருத்தினவர். எனக்கெண்டு சீதனமா எழுதினவர். அதை இவர் மறந்து கனகாலம்." கையை ஒரு உதறு உதறிக் காப்பை மேலே ஏற்றினாள். "ராஜரத்தினத்தின்ர நம்பர் உன்னட்டைக் கிடக்கோ?"

மெசின் இறங்கியபோது ஒரு தூறல் போட்டு விட்டிருந்தது. ராஜரத்தினம் மேலேயிருந்து எட்டிக் கேட்டான்: "தலைவர் ஓமெண்டிட்டாரோ?"

"காணிக்காரி நான். இறக்கு," என்றாள் நாகேஸ்வரி.

அவள் முன்னால் வயலுக்குள் நின்று கையைக் காட்டினாள். வா, வா. இஞ்சாலை ஒடி. நில். அந்த மூலையில் கட்டை கிடக்கு. வரம்பு இடியும், தூக்கு. மெசின் இரைச்சலில் வாய்க்கு வேலையே இல்லை. முழுக்கக் கைதான். நேசமலர் நெல் அள்ளுகிற உரப்பைக் கட்டோடு வரம்பில் நின்றாள். பரமேஸ்வரனும் வந்திருந்தார். வெறும் மேலோடு, கை இரண்டையும் கக்கத்துக்குள் செருகியபடி. நாகேஸ்வரி கையை உயர்த்துவதை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன நினைக்கிறார் என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மெசின் முதல் வரியை வெட்டித் திரும்புகிற நேரம் சிற்றம்பலத்தாரின் மோட்டார் சைக்கிள் ரோட்டில் வந்து நின்றது. மெசின் சத்தம் மண்டபம் வரைக்கும் கேட்டிருக்கும். மண்டபத்துக் கதவுத் திறப்புக் கையில் தொங்க, சாரத்தை நல்ல உயரத்துக்கு மடித்துக் கட்டிக்கொண்டு வரம்பால் ஓடி வந்தார்.

"ஏய்! நிப்பாட்டு! ஆர் இறங்கச் சொன்னது? என்ர வயலுக்கை நான் சொல்லாமல்…"

ராஜரத்தினத்துக்குக் கேட்கவில்லை. அவன் கண் முன்னால் வெட்டுகிற கத்தியில் இருந்தது. நாகேஸ்வரிக்குக் கேட்டது. அவள் திரும்பவில்லை. முதுகு அவர் பக்கமாகத்தான் நின்றது.

"நான் ஒண்டு சொன்னால் சொன்னதுதான்!"

நீலக்கட்டச் சேட்டுக் கை தானாக எழும்பியது. ஒரு உதறு. பெருவிரல் கெதியாக ஆடியது. பிறகு, என்ன செய்துவிட்டோம் என்று தெரிந்த மாதிரி, அந்தரத்தில் அப்படியே நின்றது.

நேசமலர் உரப்பைக் கட்டை வரம்பில் வைத்தாள்.

சிற்றம்பலத்தாரின் வாய் திறந்தபடி இருந்தது. அந்தக் கையைப் பார்த்தார். பரமேஸ்வரனைப் பார்த்தார். கக்கத்துக்குள் கிடந்த அவருடைய இரண்டு கையையும் பார்த்தார். திரும்பவும் அந்தச் சேட்டைப் பார்த்தார், தன் சேட்டைத் தானே இனங்காணுகிற மாதிரி. மெசின் போன பாதையில் ஒட்டு ஈரமாக மினுங்கியது. கொக்குகள் வந்து இறங்கின. நாகேஸ்வரி கையை இறக்கி, நெற்றி மயிரை ஒதுக்கி, துவாயை இழுத்துச் சரியாக்கினாள். அப்போதும் திரும்பவில்லை.

சிற்றம்பலத்தார் மடித்துக் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்துக் கீழே விட்டார். அது சேற்றைத் தொட்டது.

"வாய்க்கால் பக்கம் சதுப்பு," என்றார், ஆரையும் பார்க்காமல். "மெசினைப் பார்த்துத் திருப்பச் சொல்லுங்கோ."

பிறகு வரம்பில் குந்தியிருந்து, உரப்பை வாய்க்குக் கட்டுகிற சணலைத் துண்டு துண்டாக வெட்டத் தொடங்கினார். பின்வயலுக்கு மெசின் போனபோது அவர்தான் எழும்பி வரம்பில் பலகை போட்டார். பலகையின் மற்ற முனையைப் பரமேஸ்வரன் பிடித்தார். பலகையைப் போட்டுவிட்டு நிமிரும்போது சிற்றம்பலத்தார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பரமேஸ்வரன் கையைச் சற்று உயர்த்தி, உள்ளங்கையைக் கீழ்ப்பக்கமாக ஒருதரம் அமத்தினார். விடுங்கோ.

அன்றைக்குப் பின்னேரக் கூட்டம் மழையைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டதாக மேனுகாவின் போனுக்குச் செய்தி வந்தது. அப்போது மழை இன்னும் தொடங்கியிருக்கவில்லை.

கடைசி உரப்பையும் உள்ளே வந்த பிறகுதான் கொட்டியது. தகரக் கூரையில் ஒரே இரைச்சல். வீடு முழுக்க ஈரநெல் வாசனை. கால் வைக்க இடமில்லை. கதிரையெல்லாம் முற்றத்து மால் கொட்டிலுக்குப் போய்விட்டது. பரமேஸ்வரன் ஒரு உரப்பையில் சாய்ந்திருந்தார். நேசமலர் இன்னொன்றில். மேனுகா கதவடியில் நின்று மழையைப் போனில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நானும் உங்களைத்தான் எண்டு நினைச்சிட்டன்," என்றாள் நேசமலர்.

அவர் கக்கத்திலிருந்து ஒரு கையை எடுத்தார். பெருவிரலை மெல்ல வாய்ப்பக்கம் சரித்தார்.

அவள் உடனே எழும்பவில்லை. அந்தப் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி வாளிக்குப் பக்கத்தில் நின்றேன் என்று அன்றைக்கே சொன்னவர். ஆர் என்று கேட்டவுடன் கையை ஒளித்தவர். நாகேஸ்வரியைக் கண்டால் மற்ற வரம்பால் போனவர்.

"இஞ்சாருங்கோ, அது ஆரின்ர கை எண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ?"

பரமேஸ்வரன் இரண்டு கையையும் அவளுக்கு முன்னால் அகல விரித்துக் காட்டினார். தெரியாது. விரலெல்லாம் விரிந்து நின்றன, இடது கைச் சின்னிவிரல் மட்டும் மடங்கியிருந்தது. அதையும் நிமிர்த்தப் பார்த்தார். அது நிமிரவில்லை.

நேசமலர் உரப்பையில் கையை ஊன்றி எழும்பினாள்.

"பொய் சொல்லுறதெண்டால் வாயாலை சொல்லுங்கோ," என்றாள். "உங்கட கைக்கு அது சரிவராது."

தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனாள்.